கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் தாண்டிய பெண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டால்கூட அதை விசாரிக்காமல் விடக்கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதையாவது எடுத்துக்கொண்டு போகட்டும். அப்படி ரத்தம் படுகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது, அதனால் பயந்து உறைய வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பப்பையின் உள்படலத்தில் புற்று வந்த வயதான பெண்களைக் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் இந்த ரத்தப்போக்கைத்தான் முதல் அறிகுறியாகச் சொல்வார்கள். நான் இந்த இரண்டாவது ஒன்பதில் ஒருத்தி.

கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவோடு, அவர் போனபிறகு தனியாக. அக்கா ஈரோட்டில் இருக்கிறார், மூட்டுவலியால் படியேற முடியாதவர். சர்க்கரை இருக்கிறது, எடையும் கொஞ்சம் அதிகம். மாதவிலக்கு 52 வயதில் நின்றது. 57 வயதில் ஒரு நாள் பாவாடையில் கறை. "சூடா இருக்கும், இளநீர் குடி" என்றார் அக்கா. உள்ளூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் நிற்க மாத்திரை எழுதிக் கொடுத்தார், நின்றது. மறுபடி வந்தது, மறுபடி மாத்திரை, மறுபடி நின்றது. இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று யாருக்குமே தோன்றும். ஆனால் இந்த வயதில் ரத்தத்தை நிறுத்துவது சிகிச்சை ஆகாது. அது எங்கிருந்து, ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிகிச்சையின் தொடக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள். உள்படலத்தின் தடிமன் 16 மில்லிமீட்டர், கூடவே ஒரு ஃபைப்ராய்டு, அதாவது புற்றல்லாத தசைக் கட்டி. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறவர்களுக்கு அந்தப் படலம் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப்போல நான்கு மடங்கு. ஆனால் டாக்டரம்மா கட்டியைத்தான் காட்டினார். "பாப் ஸ்மியர் நார்மலா வந்திருக்கும்மா. கட்டியாலதான் ரத்தம் வருது. இந்த வயசுல கர்ப்பப்பை இருந்து என்ன ஆகப் போகுது, எடுத்துடலாம்" என்றார். பாப் ஸ்மியர் நார்மல் என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதிக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாயைப் பார்க்கிற பரிசோதனை. மேலே உள்படலத்தில் இருக்கிற புற்றை அது பெரும்பாலும் காட்டாது. அதற்கு வேண்டியது உள்படல பயாப்ஸி. மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, சில நிமிடங்களில் கொஞ்சம் சதையை உறிஞ்சி எடுக்கிறார்கள். மாதவிலக்கு நேரத்து வயிற்றுவலி அளவுக்கு வலிக்கும், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அது முடியாவிட்டால் மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுப்பார்கள், அல்லது கேமரா வைத்துப் பார்த்து எடுப்பார்கள். எனக்கு இதில் எதுவும் செய்யாமல் நேராக ஆபரேஷன். கர்ப்பப்பை, குழாய்கள், இரண்டு சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். செலவு தொண்ணூறாயிரத்துக்குப் பக்கம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை ஒரே ஒரு முறைதான் வெளியே வரும். உள்ளே புற்று இருக்கிறது என்று தெரிந்து எடுக்கும் ஆபரேஷன் வேறு, தெரியாமல் எடுக்கும் ஆபரேஷன் வேறு. தெரிந்திருந்தால் புற்றுநோய் அறுவையில் பழகிய டாக்டர் செய்வார். அதற்கு முன்னால் எம்ஆர்ஐ எடுத்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே பச்சைச் சாயம் செலுத்தி, புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய நிணநீர் முடிச்சைக் கண்டுபிடித்து எடுத்துச் சோதிப்பார்கள். தெரியாமல் எடுத்ததால் எனக்கு நிணநீர் முடிச்சு எதையும் தொடவில்லை. ஒரு விஷயத்தில் தப்பித்தேன், கர்ப்பப்பையை முழுசாக எடுத்திருந்தார்கள். லேப்ராஸ்கோப்பில் சிலருக்குப் பெரிய கர்ப்பப்பையை வயிற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக நறுக்கி எடுப்பதுண்டு. உள்ளே புற்று இருந்தால் அந்த வழியில் செல்கள் வயிற்றுக்குள் சிதறலாம், ஆழத்தையும் சரியாக அளக்க முடியாமல் போகும். அதனால் "ஃபைப்ராய்டு, எடுத்துடலாம்" என்று யார் சொன்னாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டிருந்தால், "முதல்ல உள்படல பயாப்ஸி எடுத்துடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தையல் பிரிக்கப் போன அன்றைக்கு, எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். மூன்று வரிதான். 'எண்டோமெட்ரியாய்டு அடினோகார்சினோமா', அதாவது உள்படலப் புற்று என்று ஒரு வரி, சினைப்பையில் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி, ஃபைப்ராய்டு என்று ஒரு வரி. "எல்லாம் எடுத்தாச்சும்மா, பயப்படாதீங்க, எதுக்கும் ஒரு ஆங்காலஜிஸ்டைப் பாத்துடுங்க" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தேன். எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் கேட்டபோது வாயைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கு இரவு யாரையும் கூப்பிடவில்லை. அக்காவுக்குச் சொன்னால் அவரும் தூங்கமாட்டார். சமைக்கவும் இல்லை. நான் செத்துப்போனால் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் மனம் திரும்பத் திரும்பப் போனது.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த புற்றுநோய் டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு முறை படித்தார், திருப்பிப் பார்த்தார், "வேற பக்கம் இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இது புற்றுநோய்னு சொல்லுது. ஆனா உங்களுக்கு என்ன ஆகும்னு சொல்லல. அதுக்கு வேண்டிய எதுவும் இதுல இல்ல" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கர்ப்பப்பையை வரைந்து விளக்கினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

முதலில் வகை. பெரும்பாலானவர்களுக்கு வருவது எண்டோமெட்ரியாய்டு வகை, அது ஒப்பீட்டில் மெதுவானது. சீரஸ், கிளியர் செல், கார்சினோசார்கோமா என்று சில வகைகள் சீக்கிரம் பரவக்கூடியவை, அவற்றுக்கு ஆரம்ப நிலையிலேயே மருந்தும் கடுமையாக இருக்கும். இரண்டாவது கிரேடு. செல்கள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்பதை 1, 2, 3 என்று சொல்வது. சுரப்பி வடிவம் இல்லாமல் கெட்டியாக வளர்ந்த பகுதி 5 சதவீதத்துக்குள் இருந்தால் 1, பாதி வரை என்றால் 2, பாதிக்கு மேல் என்றால் 3. ஸ்டேஜ் வேறு, கிரேடு வேறு. ஸ்டேஜ் என்பது புற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'மூணாவது ஸ்டேஜாம்' என்று அழுத ஒரு அம்மாவை அங்கேயே பார்த்தேன், அவருக்கு இருந்தது கிரேடு 3, ஸ்டேஜ் 1. மூன்றாவது ஆழம். கர்ப்பப்பைக்குத் தடிமனான தசைச் சுவர் இருக்கிறது. சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி புற்று உள்ளேயிருந்து அதற்குள் இறங்கும். பாதிக்குள் நின்றிருக்கிறதா, பாதியைத் தாண்டிவிட்டதா என்பது பெரிய வித்தியாசம். தாண்டினால் நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் நல்ல ரிப்போர்ட்டில் சுவரின் மொத்தத் தடிமன் இவ்வளவு, புற்று இறங்கியது இவ்வளவு என்று மில்லிமீட்டரில் இருக்கும்.

நான்காவதாக அவர் சொன்னதைத்தான் நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. புற்றுச் செல்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள்ளும் நிணநீர்க் குழாய்களுக்குள்ளும் நுழைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. ரிப்போர்ட்டில் எல்விஎஸ்ஐ என்று போடுவார்கள். இருக்கிறது, இல்லை என்பது மட்டும் போதாது. ஓரிடத்தில் மட்டும் லேசாகவா, நிறைய குழாய்களிலா என்பது வேண்டும். நிறைய இருந்தால், எல்லாவற்றையும் எடுத்த பிறகும் இடுப்புப் பகுதியில் நோய் திரும்புவதற்கான வாய்ப்பு கூடுதல். இவை போக, கர்ப்பப்பை வாய்ச் சதைக்கு இறங்கியிருக்கிறதா, சினைப்பைக்குப் போயிருக்கிறதா, நிணநீர் முடிச்சில் இருக்கிறதா, நோயாளிக்கு 60 வயது தாண்டிவிட்டதா என்று பார்க்கிறார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் 'இவருக்கு ஒன்றும் வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும்' என்பதிலிருந்து 'கரண்டும் (கதிர் சிகிச்சை) கீமோவும் வேண்டும்' என்பது வரை முடிவு ஆகிறது. என் மூன்று வரி ரிப்போர்ட்டை வைத்து அந்த முடிவை எடுக்க முடியாது.

"பிளாக்கும் ஸ்லைடும் வாங்கிட்டு வாங்க" என்றார். எடுத்த சதையை மெழுகில் பதித்து வைப்பது பிளாக். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது ஸ்லைடு. இரண்டும் நோயாளிக்காகப் பாதுகாத்து வைக்கப்படுபவை, கேட்டு வாங்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கரூருக்குத் திரும்பி ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டால், லேப் வெளியில் என்றார்கள். லேபில் கேட்டால், டாக்டர் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு போனால், ரிப்போர்ட் போட்டவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார் என்றார்கள். தையல் போட்ட வயிற்றோடு, ஆபீசில் லீவு சொல்லிச் சொல்லி, வெயிலில் அலைந்தேன். கண்ணீரை அடக்க முடியாமல் லேப் வாசலில் உட்கார்ந்துவிட்ட நாளும் உண்டு. அங்கே இருந்த ஒரு பெண்தான் இரக்கப்பட்டு, "அக்கா, மீதி சதையும் ஃபார்மலின்ல இருக்கு. கொஞ்ச வாரந்தான் வைப்பாங்க, அப்புறம் போட்டுடுவாங்க. அதையும் கேளுங்க" என்று காதோடு சொன்னாள். சதை கெடாமல் இருக்க ஊறவைக்கும் திரவம்தான் ஃபார்மலின். அவள் சொல்லாவிட்டால் அது குப்பைக்குப் போயிருக்கும். அந்த மீதியிலிருந்து கோவையில் இன்னும் சில பிளாக் செய்தபிறகுதான் ஆழத்தை உறுதியாக அளக்க முடிந்தது.

ஆகவே ரிப்போர்ட் வந்த அன்றைக்கே இவற்றைச் செய்துவிடுங்கள். மீதி சதையை அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகல் வாங்குங்கள். பிளாக் எத்தனை, அவற்றின் எண் என்ன என்று கடிதத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மெழுகு என்பதால் கதவு மூடிய காரில், வெயிலில் வைக்காதீர்கள். ஸ்லைடு உடையாமல் பெட்டியில் தரச் சொல்லுங்கள். ஆபரேஷன் இனிமேல்தான் என்றால், கர்ப்பப்பையைத் திறந்து நிறைய ஃபார்மலினில் உடனே போடச் சொல்லி முன்கூட்டியே கேட்கலாம். மூடியபடி கொஞ்சம் திரவத்தில் கிடந்தால் உள்ளே திரவம் ஏறாமல் சதை கெட்டுப்போகும், அப்புறம் கிரேடும் சரியாக வராது, மற்ற சோதனைகளும் தெளிவாக வராது. இதைக் கோவையில் பெத்தாலஜி டாக்டரே எனக்குச் சொன்னார்.

புது ரிப்போர்ட் இரண்டு பக்கம் வந்தது. எண்டோமெட்ரியாய்டு, கிரேடு 2, சுவர் 18 மில்லிமீட்டரில் 11 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, குழாய்களுக்குள் நிறைய நுழைந்திருக்கிறது, கர்ப்பப்பை வாயில் இல்லை. அதில் ஸ்டேஜை இரண்டு விதமாகப் போட்டிருந்தார்கள். 2009 முறைப்படி 1பி, 2023 முறைப்படி 2பி. இரண்டு என்று பார்த்ததும், அதற்குள் வளர்ந்துவிட்டதா என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. வளரவில்லை. 2023ல் உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு ஸ்டேஜ் முறையை மாற்றியபோது, குழாய்களில் நிறைய நுழைந்திருப்பதையும் கணக்கில் சேர்த்துவிட்டது. நோய் அதேதான், எண்ணுகிற முறைதான் வேறு. இரண்டு காகிதத்தில் இரண்டு ஸ்டேஜ் பார்த்து நொறுங்கிப்போகாதீர்கள், எந்த முறைப்படி என்று கேளுங்கள்.

அதே பிளாக்கில் இன்னும் சில சோதனைகளும் செய்தார்கள். 2013ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு இந்தப் புற்றை நான்கு குழுவாகப் பிரித்தது. அதை ஒட்டித்தான் இப்போது பி53 என்ற புரதத்துக்கும், மரபணு நகலில் வரும் பிழையைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்களுக்கும் சாயம் போட்டுப் பார்க்கிறார்கள், சிலருக்கு 'போல்' (POLE) என்ற மரபணுவையும் பார்க்கிறார்கள். அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால், கிரேடு 3 ஆக இருந்தால்கூட ஆரம்ப நிலையில் மிக நல்ல விதமாகவே போகும். பி53 கெட்டிருந்தால் திரும்பி வரும் ஆபத்து அதிகம், அவர்களுக்குக் கதிரோடு கீமோ சேர்த்தால் பலன் கிடைக்கிறது. எனக்கு பி53 நன்றாக இருந்தது. எம்எம்ஆரில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற இரண்டு புரதங்கள் இல்லை என்று வந்தது. அது லிஞ்ச் என்ற குடும்பவழிக் கோளாறாகவும் இருக்கலாம் என்று சொன்னதும் அக்கா நினைவும் அக்கா பிள்ளைகள் நினைவும் வந்து இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. மெத்திலேஷன் என்று இன்னொரு சோதனை செய்து, இது வழிவழியாக வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு என்றார்கள். இந்தப் புற்று வந்த 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் லிஞ்ச். இருந்தால் பெருங்குடல் புற்றுக்கும் வாய்ப்பு கூடுதல், குடும்பத்தார் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ளலாம். எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களுக்கு நோய் பரவினாலோ திரும்பினாலோ, உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் நன்றாகக் கேட்கின்றன. இந்தச் சோதனைகளுக்கும் மறுபார்வைக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் ஆனது. நான் கொடுத்த பணத்திலேயே உருப்படியான பணம் இதுதான்.

சிடி ஸ்கேனில் நிணநீர் முடிச்சு எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் எடுத்துப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது. மறுபடி வயிற்றைத் திறப்பதா, கதிர் கொடுப்பதா என்று டாக்டர்கள் கூடிப் பேசி, இடுப்பு முழுக்கக் கரண்ட் வைப்பது, அதன்பிறகு பிறப்புறுப்பு வழியாக உள்ளே குழாய் வைத்துக் கதிர் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். முதல் ஆபரேஷனிலேயே முடிச்சைப் பார்த்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கலாம். ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை. ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். சிகிச்சைக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, அறைக்கும் சாப்பாட்டுக்கும் தனி, ஆபீசில் இரண்டு மாதச் சம்பளம் போனது. மூன்றாவது வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு. நார் அதிகமுள்ள காய்களையும் பாலையும் நிறுத்தி, மோரும் குழைந்த சோறுமாகச் சமாளித்தேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு படுக்க வேண்டும், குடல் கொஞ்சம் மேலே விலகும் என்பதற்காக. உள்ளே வைக்கும் சிகிச்சையில் வலி பெரிதாக இல்லை, கூச்சம்தான். முடிந்த பிறகு பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, டைலேட்டர் என்ற உருளை வடிவக் கருவியை உள்ளே வைத்துப் பயன்படுத்தச் சொல்வார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கு எதற்கு என்று என்னிடம் அதைச் சொல்லாமலே விட்டார்கள், நானாகத்தான் கேட்டேன். டாக்டர் கைவைத்துப் பரிசோதிக்கவாவது அந்த வழி திறந்திருக்க வேண்டும். கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

எத்தனை சதவீதம் பிழைப்பேன் என்றும் கேட்டேன். அமெரிக்கக் கணக்கில், கர்ப்பப்பையோடு நிற்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருட உயிர்வாழ்வு சுமார் 95 சதவீதம், தூர உறுப்புகளுக்குப் போனபின் சுமார் 20 சதவீதம் என்று வருகிறது. ஆனால் அது எல்லா வகையும் எல்லா கிரேடும் கலந்த கூட்டுக் கணக்கு. "உங்க ரிப்போர்ட்ல இருக்கறதுதாம்மா உங்க கணக்கு" என்றார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார். ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தவர்களில் பலர் கடைசியில் இறப்பது புற்றால் அல்ல, மாரடைப்பால். ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை மூன்றும் சிகிச்சையின் பகுதிதான். இப்போது காலையில் அமராவதி ஆற்றுப் பக்கம் நடக்கிறேன்.

பண விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஃபைப்ராய்டு என்றுதான் இருந்தது. அதனால் கதிர் சிகிச்சைக்கு என் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி மேல் கேள்வி கேட்டு இழுத்தது. பயாப்ஸி முடிவைச் சேர்த்துத் திருத்திய சம்மரியை ஆபரேஷன் செய்த இடத்தில் உடனே கேட்டு வாங்கிவிடுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 5 லட்சம் வரை. சிகிச்சை தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரியில் அதற்கான கவுண்டரைப் பாருங்கள், கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கிற திட்டம் அல்ல அது.

திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான். அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் தேவையில்லை, டாக்டர் உள்ளே பரிசோதித்துப் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார். மறுபடி ரத்தம், விடாத இருமல், ஒரு கால் மட்டும் வீங்குவது, புதிதாக வந்து போகாத முதுகுவலி, வயிறு உப்புவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியலை எழுதி அக்காவிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன், கூடவே வீட்டுச் சாவி ஒன்றும்.